கேட்டைத் தாண்டிப் போன ஆட்டோ

அன்பு மகள் ஷைனிக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் துணையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தை மகிழினியும் அப்படியே இருக்க வேண்டுமென்று ஜெபமாலையில் தினமும் கேட்டுக்கொள்கிறோம். தினம் வீடியோவில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. லீவில் வந்த பிராங்கிளின் நீ இருக்கும் மஸ்கட்டுக்கே திரும்புகிறான், அவனிடம் கருவாட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

போன மாதம் அம்மாவுக்கு நெஞ்சை அடைத்ததும் வாயுதான் என்று டாக்டர் சொன்னதும் உனக்குத் தெரியும். எந்த டாக்டர் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பழைய வலைக் கிடங்கை ஆஸ்பத்திரியாக்க நாங்கள் எல்லோரும் பட்ட பாடு நீ அறிந்ததுதான். சொக்கம்மாளும் காசிமேட்டு மீன்காரப் பெண்களும் கூடையை இறக்கிய கையோடு வந்து ஜல்லி சுமந்தார்கள். நான் துரையின் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு கொருக்குப்பேட்டை வரைக்கும் தெருத் தெருவாகப் போய், நம்ம ஆஸ்பத்திரி இருக்கும்போது ஏன் பாலம் தாண்டி ஓடுறீங்க என்று கத்தினேன். திறந்த பிறகு காலையில் டோக்கன் கொடுப்பதும் நான்தான், அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. அன்று மத்தியானம் துரையைத்தான் கூப்பிட்டேன், அவன் ஆஸ்பத்திரிக்கும் தகவல் சொல்லிவிட்டே வந்திருக்கிறான். கேட் அருகே வேகத்தைக் குறைத்தான். நீயும் உன் தோழிகளும் அனுப்பிய சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, இப்போது அங்கே உதவிக்கு நிற்கும் சொக்கம்மாள் ஓடி வருகிறாள், பின்னாலேயே டாக்டர் கரோலின். நான் துரையின் தோளைத் தட்டி, நிற்காதே, பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு விடு என்றேன். "நைனா, நம்ம ஆஸ்பத்திரி வந்துகினு கீது, இன்னா சொல்ற" என்று திரும்பிப் பார்த்தான். போடா நேரே என்று அதட்டினேன். ஊருக்கெல்லாம் சொன்ன எனக்கு, என் பெண்டாட்டிக்கு என்று வந்தபோது நம்பிக்கை வரவில்லை ஷைனி. காலி நாற்காலியைப் பிடித்தபடி சொக்கம்மாள் ரோட்டிலேயே நின்றதை ஆட்டோக் கண்ணாடியில் பார்த்தேன்.

இதைவிட வெட்கக்கேடு அடுத்த நாள் நடந்தது. டோக்கன் மேஜையில் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அது தாங்காமல் நானே வாயைத் திறந்து, மகள் நர்ஸாச்சே, பெரிய இடத்துக்குத்தான் போகணும் என்று போனில் அழுதாள் என்று பழியை உன் தலையில் போட்டுவிட்டேன். அதற்கு சொக்கம்மாள், "அது இன்னா பண்ணும் அண்ணா, தூரத்துல கீது, பெத்தவளுக்கு ஒண்ணுன்னா பயந்துக்கும்ல" என்று உனக்காகப் பேசினாள். சாயங்காலம் அம்மாவுக்குச் சுறாப்புட்டு செய்து கொண்டுவந்தாள். நான் தலை நிமிரவே இல்லை. அதற்குப் பிறகு, டோக்கன் கொடுக்கிற வால்டரே இங்கே நிற்கவில்லையே என்று நம் தெருவிலேயே இரண்டு வீட்டார் பாலம் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது யாராவது கேட்டால் நீ விழிக்கக் கூடாதே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உன்னையும் என் பொய்க்குக் கூட்டுச் சேர்க்கிற அதுவும் பித்தலாட்டம் என்று எழுதும்போதே தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கூடும்போது, என் மகள் அப்படிச் சொல்லவில்லை, பயந்தவன் நான்தான் என்று எழுந்து நின்று சொல்லப்போகிறேன். திங்கட்கிழமை அம்மாவுக்கு மறுபடியும் ஈசிஜி, நம் ஆஸ்பத்திரியில்தான். நடக்கத் தெம்பு இருந்தாலும், கேட்டிலிருந்து அந்த நாற்காலியில்தான் போவேன், சொக்கம்மாள்தான் தள்ளணும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

டியூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே. மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம். சொக்கம்மாளுக்கு நீயே ஒரு போன் போடு, ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு.

உன் பெயரைக் கெடுத்த அப்பா,
வால்டர்
ராயபுரம்