நீ கழுவிப் போட்ட கரி

அன்பு குறையாத காசிம் மச்சானுக்கு,

உனக்குக் கோபம் வரும் சேதியோடுதான் எழுதுகிறேன். உன் பெண்டாட்டி சுட்ட கரியை நேற்று நம் கம்பெனியில் குப்பை என்றார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன்.

நீ கண்ணை மூடியபிறகு ஜைனம்பு தேவிபட்டினத்திலிருந்து சிரட்டை வாங்கி, கரி சுட்டு விற்றுத்தான் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறாள். இராமநாதபுரத்தில் நம் சோடா கேஸ் கம்பெனியை விட்டால் அதை வாங்க வேறு யார் இருக்கிறார்கள்?

உனக்குத் தெரிந்ததுதான், நாளைக்கு இதைப் படிக்கப்போகும் உன் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். உலைப் புகையைக் கோபுரத்துக்குள் ஏற்றினால், மேலிருந்து விழும் காரத் தண்ணீர் சோடாவுக்கான கேஸைப் பிடித்துக்கொள்ளும். காய்ச்சினால் விட்டுவிடும். அதே காரம் திரும்பத் திரும்பச் சுற்றுவதால் அதில் எண்ணெயும் தாரும் சேர்ந்து நுரைக்கும். அந்த அழுக்கைப் பிடித்துவைக்கத்தான் சிரட்டைக் கரி நிரப்பிய உன் பீப்பாய்.

நேற்றுக் காலையில் புதுக் கரி போட்டோம். நுரை அடங்குவதற்குப் பதில், கோபுரத்தில் உள்ளே பார்க்க வைத்திருக்கும் கண்ணாடிக்கு மேலே ஏறிவிட்டது. கேஸோடு காரமும் போனால் சோடா குடிக்கிறவன் வாய் வெந்துவிடும். முதலாளி வந்து பார்த்தார்.

"பொழுது சாயிறதுக்குள்ள நுரை அடங்கணும். இல்லேன்னா அந்தப் பொம்பளகிட்ட கரி வாங்க வேணாம். மதுரையில இருந்து வரட்டும்."

பீப்பாயைத் திறந்து அள்ளினேன். கையெல்லாம் மாவு மாதிரி தூள். அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. நீ கழுவாத கரியை உள்ளே போட்டதே இல்லை. "ஏலே, தொழுகைக்குக் கைகால் கழுவுற மாதிரி கரிக்கும் ஒளு எடுத்து விடுறியாலே?" என்று கேலி செய்வேன். "கழுவாட்டி மனசு கேக்க மாட்டேங்குது மச்சான்" என்பாய். அந்தத் தூள்தான் நுரையை விழவிடாமல் பிடிக்கிறது என்று உனக்காவது தெரிந்திருந்ததா?

இந்தக் கோடையில் ஊரணி வறண்டுவிட்டது. கம்பெனிக் கிணறோ உப்பு, குழாயை அரித்துவிடும். குடிக்கிற தண்ணீரைக் கரியில் ஊற்ற நம் பக்கத்தில் யாருக்குக் கை வரும்? அதனால்தான் யாரும் கழுவவில்லை.

பின்தெருவில் இருக்கும் ஜைனம்புக்குச் சொல்லி அனுப்பினேன். வீட்டுக் குடிதண்ணீர்க் குடங்களை எல்லாம் கொண்டுவந்து இறக்கினாள்.

"பிள்ளைகளுக்கு என்ன வச்சிருக்க தங்கச்சி?"

"மொதல்ல இதக் கழுவுங்கண்ணே. ஒரு பொழுது தாகத்த அடக்கிக்கிருவோம். கரி போச்சுன்னா எதக் கொண்டு அடுப்புப் பத்தவைக்கிறது?"

முதல் தண்ணீர் மையாக ஓடியது. தெளியும்வரை கழுவினோம். தூள் கலந்த காரத்தையும் வேட்டித் துணியில் வடித்தோம். பீப்பாயை நிரப்பி வால்வைத் திறந்தேன்.

நுரை இறங்கவில்லை. முதலாளி வாசலையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்தார். ஜைனம்பு கையேந்தி துஆ கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு உன்மேல்தான் ஆத்திரம் வந்தது. எங்களை இப்படித் தவிக்கவிட்டுப் போக உனக்கு எப்படி மனசு வந்தது?

வெயில் மஞ்சளாகும் நேரத்தில் கண்ணாடியில் ஒரு விரற்கடை காரம் தெளிவாகத் தெரிந்தது. பிறகு மளமளவென்று நுரை இறங்கியது. முதலாளி குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

"அடுத்த வண்டிக் கரியும் அந்தம்மாவே அனுப்பட்டும்" என்றார்.

ஜைனம்பு காலிக் குடங்களை ஒன்றோடொன்று தட்டாமல் எடுத்து அடுக்கினாள். அதைப் பார்த்துத்தான் நான் அழுதேன், மச்சான்.

மழை வரும்வரை அந்தக் குடங்கள் என் பொறுப்பு. எங்கன தண்ணீர் கிடைத்தாலும் முதலில் உன் வீட்டுக்கு, பிறகு கரிக்கு, அப்புறம்தான் எனக்கு. இனி கரிக்கு ஒளு எடுத்து விடுவதும் நான்தான். அங்கேயிருந்து நீ சிரித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் பிள்ளைகளின் தாய்மாமன்
கருப்பையா