முகூர்த்தப் புடவையும் வாசல் அலாரமும்

ஆவணி, இரண்டாம் வெள்ளி.

நம் கடைப் புடவைகளுக்கு ரேடியோ டேக் கட்டச் சொன்னவள் நான்தான். ஸ்கேனரை நீட்டினால் ஒரு மாடிச் சரக்கு முழுவதும் நொடியில் கணக்குக்கு வந்துவிடுகிறது. பில் போட்டதும் டேக்கை வெட்டி எடுக்க வேண்டும், அவ்வளவுதான்; எடுக்காவிட்டால் வாசல் அலாரம் கத்தும்.

இன்று அகரத்திலிருந்து ஒரு குடும்பம் கல்யாணப் புடவை எடுக்க வந்தது. "முகூர்த்தப் பொடவைல கத்தரி படக் கூடாதும்மா" என்று பெண்ணின் அம்மா சொல்ல, பில் போட்ட செல்வி டேக்கோடு மடித்துக் கொடுத்துவிட்டாள். எல்லோரும் சேர்ந்து வெளியேறும்போது வாசல் அலாரம் அலறியது.

காவலாளி நேராகப் போய், நைந்த சேலையில் கடைசியாக வந்த சித்தியை, கல்யாணப் பெண்ணின் அம்மாவுடைய தங்கையை, பிடித்து நிறுத்தினார்.

"ஏப்பா, நான் களவாண்டுட்டா போறேன்?" சித்தியின் குரல் உடைந்துவிட்டது.

புடவை இருந்தது பெண்ணின் அம்மாவுடைய பையில். மன்னிப்புக் கேட்டு, டேக்கின் முடிச்சைக் கையாலேயே அவிழ்த்தேன்.

"கல்யாண சீசன் முடியிற வரைக்கும் மெஷின ஆஃப் பண்ணிப் போடும்மா" என்றார் முதலாளி. முடியாது என்றேன். நாளை முதல் முகூர்த்தப் புடவை டேக்குக்கு இழுத்தாலே அவிழும் உருவு முடிச்சுதான், கத்தரியே வேண்டாம். டேக் சிக்கல் அதோடு சரியாகிவிடும்.

யார் என்ன சேலை கட்டியிருக்கிறார்கள் என்று அலாரத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. அது கத்தியதும் என் கண்ணும் முதலில் அந்தச் சித்தியின் பைக்குத்தான் போனது.