முந்தி வந்த மலர்மாலை

மாமி,

இன்று காலை நல்லூருக்குப் பக்கத்துச் சந்தியில், எனக்கு முன்னால் எல் போட் கட்டிய கார் ஒன்று நின்றுவிட்டது. ஓடப் பழகுகிற பிள்ளை திறப்பைத் திருப்பத் திருப்ப எஞ்சின் நின்று நின்று போனது. பின்னால் எல்லோரும் ஹோர்ன் அடித்தார்கள். நான் அடிக்கவில்லை. எந்த முகத்தோடு அடிப்பேன்? பொறுக்கச் சொல்லிக்கொண்டு இறங்கி வந்தவன் எனக்குக் கார் ஓடப் பழக்கிய அதே தம்பிதான். யன்னலடிக்கு வந்தான்.

"ரீச்சர், மாமி எப்பிடி இருக்கிறா?"

எனக்குக் காது சுட்டது.

நான் கார் ஓடப் பழகியதே உங்களுக்காகத்தான். உங்கள் மகன், என் மனுசன், கட்டாரில்; கார் முற்றத்தில். தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிற நாட்களில், ஓட்டோ ஒவ்வொரு றோட்டுக் கிடங்கிலும் விழ, நீங்கள் வயிற்றைப் பொத்திக்கொள்வீர்கள். ஒரு வார்த்தை முறைப்பாடு இல்லை.

முதல் றயலில், லைசென்ஸ் சோதனையில், காரைப் பின்னுக்கு எடுக்கும்போது கம்பத்தைச் சாய்த்துவிட்டேன். என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி, அன்றைக்குப் பாஸானவள், "பரவாயில்லை ரீச்சர், அடுத்தமுறை பாப்பம்" என்று என் முதுகைத் தடவினாள். வகுப்பில் நான் சொல்கிற அதே வசனம். மானம் கப்பலேறிவிட்டது.

அடுத்த றயல் அன்று காலையில் எனக்குப் போகப் பயமாயிருந்தது. காய்ச்சல் என்றால் அந்தத் தம்பி குளிசை போட்டுக்கொண்டு வரச் சொல்வான். செத்தவீட்டுத் துடக்கு என்றால் மறுபேச்சில்லை. கெட்டிக்காரி நான்! "கான்சல் பண்ணும் தம்பி, மாமி மோசம் போட்டா" என்று போனில் சொன்னேன். நீங்கள் பக்கத்து அறையில் வேதனையோடு படுத்திருந்தீர்கள், மாமி. ஆருக்காகப் பழகினேனோ அவரையே சாகடித்தேன்.

பின்னேரம் அவன் வெள்ளைச் சேட்டும் மலர்மாலையுமாய் வந்து நின்றான். கேற்றைத் திறந்தது நீங்கள். மாலையைப் பார்த்தீர்கள்.

"ஆர் தம்பி செத்தது?"

"ரீச்சர்... நீங்கள் எண்டு..."

திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"நல்லதாப் போச்சு, நேரில கண்டிட்டீர். இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்."

மாலையை ஆட்டுக்குப் போட்டீர்கள். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அடுத்த றயல் எப்ப பிள்ளை?" ஏசியிருந்தால் ஆறியிருப்பேன்.

அந்த றயலுக்கு நீங்களும் வந்து வேப்பமர நிழலில் இருந்தீர்கள். பாஸானேன். பிறகு கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். எதிரே பஸ் வந்து நான் பிறேக்கை மிதித்தால், முன்சீற்றில் இருந்து சிரிப்பீர்கள். "ஆறுதலா ஓடும் பிள்ளை. நான் இன்னும் சாகேல்லை."

இன்று அந்தத் தம்பிக்குச் சொன்னேன்: "மாமி மோசம் போட்டா."

அவன் பெரிதாய்ச் சிரித்தான். "திரும்பவுமோ ரீச்சர்? இந்தமுறை நான் மாலை வாங்கமாட்டன்."

என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவன் சிரிப்பு நின்றது. வாயைப் பொத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். அவனில் என்ன பிழை? உங்கள் சாவை ஒருவன் நம்பாமல் சிரிக்கும்படி வைத்தவள் நான்.

முன்னால் நின்ற கார் ஒருவாறு வெளிக்கிட்டது. நான் கிளச்சை மிதித்து கியரைப் போட்டேன். "ஆறுதலா ஓடும் பிள்ளை" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை, மாமி.