எடைமேடை ஏறிய எஸ்டீம்

20 ஜனவரி 2025, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து இன்றுதான் யார்டுக்கு லாரிகள் வரத் தொடங்கின. முப்பத்தேழு வண்டி எடை போட்டேன். நடுவில் ரோஜா போன் பண்ணினாள். "இன்னாய்யா, வருசா வருசம் சொல்லிக்கினே கீற. எப்பதான் காரு வாங்கப் போற?" கேட்டாளே ஒரு கேள்வி!

சரி, இங்கேயே எழுதி வைக்கிறேன், பிறகு பின்வாங்க முடியாது. இந்த வருடம் ஒரு பழைய கார் வாங்கி, உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிப் போட்டு, ரேஸ் காராக்கி, இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஓட்டப் போகிறேன். நான்தான். மணவாளன், வயது நாற்பத்திரண்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு யார்டின் எடைமேடை ஆபரேட்டர். இருபது வயதில் வேலிக்கு வெளியே நின்று ரேஸ் பார்த்த நாளிலிருந்து இந்த ஒரே ஆசைதான். ஒரு பந்தயத்திலாவது ஸ்டியரிங் என் கையில் இருக்க வேண்டும்.

கட்டிக்கொண்டவள் சிரிப்பாள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ரோஜா சிரிக்கமாட்டாள். பழவேற்காட்டிலிருந்து தினமும் மினி டெம்போவில் இறால் ஏற்றிச் சென்னைக்கு ஓட்டுகிறவள் அவள். வண்டி என்றால் அவளுக்கும் உயிர்.

26 ஜனவரி, ஞாயிறு

திருநின்றவூரில் ஒரு சிவப்பு சிட்டி கார். பார்த்ததும் மனசு விழுந்துவிட்டது. என்ன எஞ்சின், என்ன சத்தம்! முன்பணம் கொடுக்கக் கையை நீட்டிவிட்டேன். மெக்கானிக் ஜெபா என் கையைப் பிடித்து இழுத்தான். "அண்ணே, பவரு அப்பால ஏத்திக்கலாம். வெயிட்டு கொறைக்கிறதுதான் பேஜாரு. முதல்ல எட போட்டுப் பாரு."

அட, எடை போடுவதுதானே என் பிழைப்பு! பதினெட்டு வருடமாக ஊர் இரும்பையெல்லாம் எடை போடுகிறவனுக்கு இது தோன்றவில்லையே. எந்தக் காராக இருந்தாலும் முதலில் என் மேடையில் ஏறட்டும்.

2 பிப்ரவரி, ஞாயிறு

சிட்டி ஏறியது. ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருப்பதைவிட எழுபது கிலோ அதிகம். டிக்கி காலி, டேங்கிலும் பெட்ரோல் இல்லை. எழுபது கிலோ எங்கிருந்து வந்தது?

கூட வந்திருந்த ரோஜா ஆபீசுக்குள் போய், இரும்பா இல்லையா என்று பார்க்க நாங்கள் வைத்திருக்கும் காந்தத்தை எடுத்து வந்தாள். முன்கதவில் வைத்தாள், டப்பென்று ஒட்டியது. பின்பக்கம் வைத்தாள், வழுக்கிக் கீழே விழுந்தது. எங்கேயோ மோதி நசுங்கிய வண்டி. யாரோ உள்ளே தகடு தகடாக வெல்டிங் வைத்து, மேலே காந்தம் ஒட்டாத அளவுக்குக் கனமாகப் பட்டிப் பசையைப் பூசி மறைத்திருக்கிறார்கள். வண்டியைக் கொண்டுவந்த புரோக்கர் போனில் யாரிடமோ ரொம்ப அவசரமாகப் பேச ஆரம்பித்துவிட்டான்.

துக்கம்தான். அவ்வளவு அழகான சிவப்பு.

9 பிப்ரவரி, ஞாயிறு

இன்று என் மானம் போனது. ஆனாலும் நல்ல நாள்.

ஆரணியில் ராஜமாணிக்கம் என்று ஒரு பெரியவர், நெல் விவசாயி. பழைய எஸ்டீம் கார் வைத்திருக்கிறார். வெள்ளை நிறம், மேலெல்லாம் புழுதி, அழகென்று சொல்ல ஒன்றும் இல்லை. அவரே ஓட்டி வந்து மேடையில் ஏற்றிவிட்டு இறங்கினார். 970 காட்டியது. புத்தகத்தைவிடத் தொண்ணூறு அதிகம்! போன வாரத்துக் கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது. "இன்னா பெரியவரே, உங்க ஊர்ல ஏமாத்துறதுக்கு நான்தான் கெடைச்சனா?" என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவர் திருதிருவென்று விழித்தார்.

இதற்குள் ரோஜா காந்தத்தோடு ஒரு சுற்று வந்துவிட்டாள். வைத்த இடமெல்லாம் ஒட்டியது. டிக்கியைத் திறந்தாள். உள்ளே இரண்டு மூட்டை யூரியா!

"அடடே, வயலுக்கு வாங்கினு வந்தது. மறந்தே பூட்டேன் நைனா," என்றார் பெரியவர்.

மூட்டையை நானே தோளில் சுமந்து இறக்கினேன். 880. சுத்தமான வண்டி. பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், யார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

வாங்கிவிட்டோம்!

16 மார்ச், ஞாயிறு

சீட், ஏசி, தரைவிரிப்பு, கண்ணாடி எல்லாம் கழற்றியாயிற்று. 720. வண்டி கவிழ்ந்தாலும் ஆள் நசுங்காமல் இருக்க ஜெபா உள்ளே குழாய்க் கூண்டு வைத்து, ரேஸ் சீட்டும் பொருத்தினான். 800. நான் பிரேக் பெடலில் ஓட்டை போட்டு இருநூறு கிராம் குறைத்தேன். அதை நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன்.

பிறகு நான் உள்ளே உட்கார்ந்தேன். 900.

விளையாட்டாக ரோஜாவும் உட்கார்ந்தாள். 850.

ஜெபா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினான். சிரிப்பை அடக்கியிருப்பான், படவா.

17 மார்ச்

நாளையிலிருந்து பட்டினி.

18 மார்ச்

காலை நாஷ்டாவுக்கு இரண்டு இட்லி மட்டும். மேடையில் ஏறி நின்றேன். எங்கள் மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும், கிராம் கணக்கெல்லாம் அதற்குத் தெரியாது.

20 மார்ச்

ஆறு பூரி. போகட்டும்.

1 ஜூன், ஞாயிறு

ட்ராக்கில் பயிற்சி நாள். எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

என்னுடைய நல்ல சுற்று, இரண்டு நிமிடம் முப்பத்தொன்று. நீயும் ஓட்டிப் பார் என்று ரோஜாவிடம் கொடுத்தேன், அவள் இரண்டு நிமிடம் இருபத்திரண்டு.

எடைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஐம்பது கிலோ ஒன்பது நொடியாகுமா? ஆகாது. எனக்கே தெரியும். நான் ஒவ்வொரு வளைவிலும் பயந்து பிரேக்கைப் போட்டு அமுக்குகிறேன். அவள் டெம்போவில் ஐஸ் தண்ணீர் சிந்தாமல் இறால் பெட்டியைக் கொண்டுபோய்ப் பழகியவள். வளைவில் வண்டி குலுங்குவதே இல்லை. பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலவும் இருந்தது.

இறங்கி வந்து, "நீ ஓட்டினதுல டயரு சூடாகி நல்லா புடிச்சிச்சிய்யா, அதான்," என்றாள். என்ன பொய்! "நீயே ஓட்டு. இத்தினி வருசம் ஆசப்பட்டது நீ."

"ஒனக்கு ஆச இல்லியா?"

கையுறையைக் கழற்றிக்கொண்டே இருந்தாள். கழற்றி முடித்தும் நிமிரவில்லை.

"கீது," என்றாள்.

இந்த நாலரை மாதத்தில் ஒரு நாளாவது நான் அதைக் கேட்டேனா? கேட்கவில்லையே, மடையா!

3 ஜூன், செவ்வாய்

ஜூலைப் பந்தயத்துக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. ஒரு காருக்கு ஒரு ஓட்டுநர்தான். அந்த இடத்தில் 'ரோஜா' என்று நானே எழுதினேன். எழுதிவிட்டுப் பாத்ரூமில் போய்க் கொஞ்சம் அழுதேன். வெளியே வந்தபோது அவள் சமையற்கட்டில் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டோம். ராத்திரிக்கு மீன் குழம்பு, முழு வயிறு. பட்டினி இனி எதற்கு?

13 ஜூலை, ஞாயிறு

பதினாலு காரில் பதினொன்றாவதாகக் கிளம்பினாள். ஆறாவதாக வந்தாள். ஆறாவது!! அந்தக் கடைசி வளைவில் உள்பக்கமாகப் புகுந்து இரண்டு பேரைத் தாண்டினாளே — ஐயோ, இன்னாம்மே நீ! ஜெபாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினேன். மூச்சு முட்டுது விடுண்ணே என்று கத்தினான்.

14 ஜூலை, திங்கள்

நேற்றுக் கத்தியதில் தொண்டை சுத்தமாகப் போய்விட்டது. காலையிலிருந்து எல்லாம் சைகைதான். ஆந்திரா லோடு கொண்டுவந்த முனுசாமி ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணே, நேத்து ரேஸாமே, நீதான் ஓட்டுனியா?" என்றான். இல்லை என்று தலையாட்டிவிட்டு போனை எடுத்து ரோஜா படத்தைக் காட்டினேன். அவன் வாயைப் பிளந்தான். அடுத்த லாரிக்காரனுக்கும் காட்டினேன். அதற்கடுத்தவனுக்கும். வெளியே வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய், ஒரே ஹாரன் சத்தம். அடிக்கட்டும்.