பூவுக்குப் போட்ட ஹீற்றர்

லண்டன்,
தை 12

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆரணி எழுதுவது. உங்கள் முழங்கால் நோ எப்படி இருக்கிறது? வெங்காயத்துக்கு இறைப்புத் தொடங்கியாயிற்றா? நான் சுகம். போனில் கதைத்தால் றஜனி அன்ரி பக்கத்திலேயே நிற்பார். அதனால் ஊருக்கு வருகிற ஒருவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

அன்ரி வீட்டில் தங்கி அவரின் மாமியாரைப் பராமரிப்பதோடு, இப்போது அமரிலிஸ் என்றொரு பூச்செடியும் என் பொறுப்பு. கிழங்கு பார்க்க எங்கள் வெங்காயம் மாதிரித்தான், ஆனால் கைப்பிடியில் அடங்காது. கழுத்து வெளியே தெரிய நட்டு, இளஞ்சூட்டு நீர் விட்டு, தினமும் சட்டியைத் திருப்பி வைக்க வேண்டும். குளிர் ஆகவே ஆகாதாம்.

என் அறை ஹீற்றரை அன்ரி கார்த்திகையிலேயே நிறுத்திவிட்டார். "உமக்குப் பழகிப்போகும்" என்றார். மனிசருக்குப் பழகும், பூவுக்குத்தான் பழகாது. போன கிழமை கேட்டேன்: "அன்ரி, என்ரை யன்னலிலைதான் வெயில் விழுகுது. சட்டியை அங்கை வைப்பமோ?" அன்றே ஹீற்றர் போட்டார். சிரிக்காதீர்கள் அப்பா, பூவின் புண்ணியத்தில் நானும் சூடாகப் படுக்கிறேன்.

நேற்று நாலு பூவும் சிவப்பாக விரிந்துவிட்டன. அன்ரி படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார். நான் செடியோடு வந்த குறிப்பை எடுத்து வாசித்தேன். பூ முடிந்து இலையும் வாடினால், கிழங்கைப் பத்துக் கிழமை இருட்டிலும் குளிரிலும் வைக்க வேண்டுமாம்.

"உம்மடை கட்டிலுக்குக் கீழை வைப்பம்" என்கிறார் அன்ரி. "ஹீற்றரை நிப்பாட்டினால் நல்ல குளிர்தானே."

மாமியார் கூப்பிடுகிறார். அம்மாவின் கம்பளிப் போர்வையைத் தபாலில் போடுங்கள். பூ உதிர முதல் வந்து சேர வேண்டும்.

மகள்,
ஆரணி