கப்பலில் உன் அப்பா சாப்பிட்டது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கல்யாண நாளுக்கு நீ பரிசாகக் கொடுத்த கப்பல் பயணம் முடிந்து வீடு வந்து சேர்ந்துவிட்டோம். அங்கே நடந்ததை உன் அப்பா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் உன்னிடம் ஒப்பித்தார், அந்தக் கதவு எவ்வளவு மெல்லியது என்று இத்தனை வருடத்தில் அவருக்குத் தெரியவில்லை. ஆகவே என் பக்கத்தையும் கேட்டுக்கொள்.

அந்தக் கப்பலில் சாப்பாட்டுக் கூடத்தை மூடுவதே இல்லை. கேக்குக்கு ஒரு மேசை, ஐஸ்கிரீமுக்கு ஒரு மேசை, ரொட்டியிலேயே எத்தனையோ விதம். சர்க்கரை வியாதிக்காரரை அங்கே அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் சொல். பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து அத்தனை பேரை மேய்த்தவள் நான், இவர் ஒருவரை மேய்க்க முடியாதா. நீங்கள் உட்காருங்கள், தட்டை நான் கொண்டுவருகிறேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவித்த முட்டை, வெள்ளரிக்காய், கொஞ்சம் கீரை, ஒரு துண்டு மீன், அவ்வளவுதான். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு எதையும் கண்ணில் காட்டவில்லை. இன்சுலின் ஊசியை மட்டும் வீட்டில் போடுகிற அதே அளவில் வேளை தவறாமல் போட்டேன். எங்கள் மேசையில் இருந்த பல் டாக்டரம்மா, பாவம், ஒரு துண்டு ரொட்டியாவது கொடுங்களேன் என்றாள். நீங்கள் பல்லைப் பாருங்கள், என் புருஷனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதோடு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்புறம் ஒருநாள் அவர் சட்டையைக் கொக்கியில் மாட்டும்போது பைக்குள் மிட்டாய் அகப்பட்டது. எனக்கு எப்படி இருந்திருக்கும். ராத்திரிச் சாப்பாட்டில் எல்லோர் முன்னாலும் அவற்றை மேசையில் வரிசையாக வைத்து, இந்த வயதில் ஒரு திருட்டுப் பிள்ளையை வளர்க்கிறேன் பாருங்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், காது மட்டும் சிவந்துபோயிருந்தது. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு மிட்டாயைக் குப்பையில் போடச் சொன்னேன். அவர் உன்னிடம் போனில் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது, சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால் வாயில் போட்டுக்கொள்ள டாக்டர் வைத்திருக்கச் சொன்ன மிட்டாயாம் அது. அம்மாவுக்குத் தெரிந்தால் சண்டை போடுவாள், பேசாமல் பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொடுத்தது நீயாம். அப்பாவும் மகளும் எனக்குத் தெரியாமல் கூட்டுச் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். அவர்தான் ஆகட்டும், அந்த மேசையில் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

மறுநாள் காலை மேல்தளத்துக்குப் போகும்போது, ஆயுள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்து மாடி மாடியாக ஏறி இறங்கிய மனுஷன், நாலு படி ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. ரொட்டிக்காகப் போடுகிற நாடகம் என்று நினைத்தேன். நாலு பேர் பார்க்கிறார்கள், மானத்தை வாங்காமல் ஏறுங்கள் என்று அதட்டினேன், அப்படியே சரிந்துவிட்டார். பல் டாக்டரம்மாதான் ஓடிவந்து கன்னத்துக்குள் சர்க்கரையைத் தடவினாள், கொஞ்சம் தெளிந்ததும் பழச்சாறு கொடுத்தாள். கப்பல் நர்ஸ் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, சாப்பாட்டைக் குறைத்துவிட்டு ஊசியைக் குறைக்காமல் போட்டது யார் என்று கேட்டாள். சுற்றி நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். உன் அப்பா மட்டும் என்னைப் பார்க்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது டாக்டர் ஊசியின் அளவை மாற்றியிருக்கிறார், வேளைக்குக் கொஞ்சமாவது சோறோ ரொட்டியோ இருக்கவேண்டும் என்கிறார், கொடுக்கிறேன். ஒவ்வொரு வாய்க்கும் நிமிர்ந்து, இன்னும் சாப்பிடலாமா என்று என்னிடம் கேட்கிறார். குத்திக்காட்டுகிறாரா நிஜமாகவே கேட்கிறாரா என்று தெரியவில்லை.

உன்னிடமே வந்துவிடுகிறேன் என்று அவர் போனில் அழுததையும் நான் கேட்டேன். நீ அனுப்பிய டிக்கெட் என் போனுக்குத்தான் வந்தது, அவருக்கு மெசேஜ் பார்க்கத் தெரியாது என்று எல்லாவற்றுக்கும் என் நம்பரைத்தானே கொடுத்திருக்கிறோம், அவசரத்தில் மறந்துவிட்டாய். அதை ரத்து செய்துவிட்டேன். அவர் போன் ரிப்பேர் என்று சொல்லி என் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அவர் சட்டைகளை மடித்து ஒரு பையில் போட்டுக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார். மகளிடமிருந்து ஏதாவது வந்ததா என்று தினமும் கேட்கிறார், இல்லை என்கிறேன். நீ மனம் மாறிவிட்டாய் என்று நினைக்கிறார், நினைக்கட்டும். அவரும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாருக்கடி தட்டு வைப்பேன், எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் வேண்டுமென்றால் நீ நேரில் வந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டு அழைத்துப் போ. இத்தனை வருடம் எட்டிப் பார்க்காதவள் இதற்கும் வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும், அவருக்கு இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருக்கிறது.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழவேண்டும். உன் அப்பா வழியில் உனக்கும் இந்த வியாதி வரலாம், மறக்காமல் ரத்தப் பரிசோதனை செய்துகொள், வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா