நாலாவது வார்டுக்கு ஓர் ஆமென்

ஜூன் 13, சனி
பட்டாசுக் கம்பெனி வேனை விட்டு இறங்கியதும் யோகலட்சுமி அக்கா நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊராட்சித் தேர்தலில் நாலாவது வார்டு இந்த முறை பெண்களுக்காம்.

"பானு, நம்ம தெருவுல டிகிரி முடிச்சவ நீ ஒருத்திதான். நீ நில்லு. கட்சிக்கொடி இல்லாத எலெக்சன்தான?"

ஆனைக்குட்டம் அணை மொட்டைமாடியிலிருந்தே தெரிகிறது. மோட்டார் எரிந்துபோய், எங்கள் குழாயில் பதினோரு மாதமாகக் காற்றுதான் வருகிறது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் பெயரைக் கேட்டாலே அம்மா பின்னால் ஒளிகிறவள் நான்.

அவருக்குக் கலெக்டர் மனு எழுதினேன்; தெருவில் கையெழுத்து வாங்கி வந்தார், மடித்துக் கொடுத்தேன். சபைக்கு இந்த வார ஜெபக்குறிப்பும் எழுதி மடித்துவைத்தேன். இரண்டுமே என் கையெழுத்துதான்.

ஜூன் 14, ஞாயிறு
ஐயோ. தாள் மாறிவிட்டது.

எல்லோரும் கண்ணை மூடியிருக்க, பாஸ்டர் வெள்ளைத்துரை வாசித்தார். "மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு..." ஆமென். "பதினோரு மாதமாகக் குடிநீர் வரவில்லை..." ஆமென்! "உடனே நடவடிக்கை எடுக்குமாறு வேண்டுகிறோம்." அதற்குத்தான் பெரிய ஆமென். கீழே கையெழுத்துகளைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார்.

கூட்டம் முடிந்ததும் யோகலட்சுமி அக்கா ஜெபக்குறிப்புத் தாளோடு வாசலில் நின்றார். "ஏடி, பக்கத்து வீட்டு முனியராஜ் குடியை விடணும்னு நான் கலெக்டர்கிட்டயா கேக்க?"

நான் சரி சொல்லும் முன்பே, அம்மா சிரித்தபடி நான் தேர்தலில் நிற்கப்போகிறேன் என்று பாஸ்டரிடம் சொல்லிவிட்டாள். அவர் முகம் மாறியது.

"மனு குடுக்கலாம் பாப்பா. நாற்காலி நமக்கு வேண்டாம். சாராயம், ஓட்டுக்குத் துட்டுக் கவரு, அம்புட்டுக்கும் தலையாட்டணும். நின்னா திருவிருந்துல அப்பத்துக்குக் கை நீட்டக் கூடாது."

"ஆமென் சொல்லியாச்சே பாஸ்டர், வாபஸ் வாங்க முடியுமா?" என்றாள் அம்மா. அவர் சிரிக்கவில்லை.

அப்பா தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் சோறு சுமந்தவர் இவர். இவரை எப்படி மீற?

ஜூன் 15, திங்கள்
அக்காவும் நானும் விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். மனுவைப் படித்த அதிகாரி, "ஊராட்சியில தீர்மானம் போடணும்மா. உங்க வார்டு மெம்பர்கிட்ட சொல்லுங்க" என்றார்.

இப்போதைக்கு மெம்பரே இல்லை. யார் வரப்போகிறார்கள்?

ஜூன் 17, புதன்
பாஸ்டர் வீட்டுக்குத் தனியாகப் போனேன். சொல்ல நினைத்ததைத் தாளில் எழுதியே கொண்டுபோனேன். வாசிக்கவில்லை, வாயாலேயே வந்துவிட்டது.

"ஆளுறவங்களுக்காக வாராவாரம் ஜெபிக்கிறோம். நல்லவங்கள எழுப்பும்னு கேக்கிறோம். யாராவது எழுந்தா, உக்காருங்கிறோம். அது என்ன ஜெபம் பாஸ்டர்?"

என் கையிலிருந்த தாளை வாங்கி மடித்தார். பிறகு மெதுவாக, "நீ கெட்டுப்போயிருவியோன்னு பயமா இருக்கு பாப்பா" என்றார்.

எனக்கும்தான்.

ஜூன் 19, வெள்ளி
கடைசி நாள். வேட்புமனு கொடுத்துவிட்டேன். முன்மொழிந்தது அம்மா. என் கையெழுத்து கட்டத்தைத் தாண்டிப் போனது.

ஜூன் 21, ஞாயிறு
கடைசிப் பாயில், சுவரோரம் உட்கார்ந்தேன். அப்பத்தட்டு வந்தபோது கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். அம்மாவும்தான்.

தட்டு நகரவில்லை. நிமிர்ந்தேன். பாஸ்டரே நின்றுகொண்டிருந்தார்.

"எடு பாப்பா. எனக்கு இன்னும் சம்மதமில்ல. எடு."

அழுதுகொண்டே எடுத்தேன். இப்போது எழுதும்போதும் அழுகிறேன். ஏன் என்று தெரியவில்லை. சந்தோஷம்தான்.

ஜூலை 9, வியாழன்
வீடு வீடாகப் போயாயிற்று. பேச்சைவிடத் தண்ணீர்க் குடங்களைத்தான் அதிகம் தூக்கியிருக்கிறேன்.

ஜூலை 14, செவ்வாய்
பதினேழு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டேன்! யோகலட்சுமி அக்கா தெருவில் சரவெடி வைத்தார். சிவகாசிக்காரர் வேறென்ன வைப்பார்.

ஜூலை 24, வெள்ளி
முதல் கூட்டம். எழுந்து நின்று பேசினேன். மற்றவர்கள் எல்லாம் உட்கார்ந்தே பேசினார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. கிளார்க் பேனாவைத் திறந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் சத்தமா, மெம்பர்" என்றார்.

சொன்னேன். மூன்றாம் தீர்மானம்: நாலாவது வார்டுக்குப் புது மோட்டார்.